வீட்டிலை எத்தினை பேர்

பாத்து ஏறி வாங்கோ பிள்ளை, படி ஒடுக்கம். இதுதான் அறை. கட்டில், அலுமாரி, மேசை எல்லாம் இருக்கு, நீங்கள் ஒண்டும் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. யன்னலாலை பாத்தால் பின்வளவு தெரியும். யூனிவசிற்றிக்குப் போற பஸ் முன் றோட்டிலையே நிக்கும். அதெல்லாம் பிறகு. முதல்லை இந்த ரேடியேற்றரைத் தொட்டுப் பாருங்கோ. பயப்பிடாதேங்கோ, தொடுங்கோ. சுடுதெல்லோ. புதுப் பொயிலர். தை மாசம் பூட்டினது. வீடு முழுக்க இப்ப இப்பிடித்தான்.

இல்லை, இப்ப ஒருத்தரும் இதிலை இல்லை. ஒருத்தி இருந்தவள். போயிட்டாள். அதை ஏன் கேட்கிறீங்கள். நாலு வருஷத்துக்கு மேலை என்ரை வீட்டிலை இருந்தவள், ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிட்டாள். ஆக்களுக்கு நல்லது செய்தால் இதுதான் பிள்ளை பலன். வாங்கோ, கீழை போவம். குசினியிலை இருந்து கதைப்பம். தேத்தண்ணி குடிப்பீங்கள்தானே. பேர் என்ன சொன்னீங்கள், துஷானியோ. வடிவான பேர்.

முன்னறையிலை கதிரையிலை இருக்கிறது என்ரை அவர். வணக்கம் சொல்லுங்கோ, அவருக்கு எல்லாம் விளங்கும். கதைக்கத்தான் ஏலாது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கத்தை இழுத்துப் போட்டுது, நாக்கும் போயிட்டுது. பெற்றோல் ஷெட்டிலை இருவது வருஷம் நைட் வேலை செய்த மனுசன். வாற போற ஆக்களோடையெல்லாம் கதைச்சுக்கொண்டே இருப்பார். இப்ப இருக்கிற இருப்பைப் பாருங்கோ. எங்களுக்குப் பிள்ளையளும் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான்.

இருங்கோ, இந்தக் கதிரையிலை இருங்கோ.

அவளின்ரை பேர் ஜெசிந்தா. மன்னார்ப் பக்கம், பேசாலை. வேதக்காரர். எனக்கு அதெல்லாம் வித்தியாசம் இல்லை, நான் ஒரு நாளும் பாத்ததில்லை. என்ரை தங்கச்சி கனடாவிலை இருக்கிறாள், அவள்தான் கேட்டவள், "ஏனக்கா, எங்கடை ஆக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ" எண்டு. நான் சொன்னன், பாவமடி, விசா இல்லை, அகதிக் கேஸ் ரெண்டு தரமும் தள்ளுபட்டுப் போச்சு, ஊரிலை புருஷனும் இல்லை, ஒரு பொம்பிளைப் பிள்ளை சிஸ்ரர்மாரோடை தங்கிப் படிக்குது, நாங்கள் பாக்காமல் ஆர் பாக்கிறது எண்டு. வாடகையும் குறைச்சுத்தான் எடுத்தன். வெளியிலை கேட்டுப் பாருங்கோ இந்த அறைக்கு என்ன வாடகை எண்டு.

அதுக்கு அவளும் ஏதோ தன்னாலை ஏலுமான சின்னச் சின்ன வேலையள் செய்து தருவாள், இல்லையெண்டு சொல்லமாட்டன். விடியக் காலமை கடை ஒண்டு கூட்டித் துடைக்கப் போவாள். வந்து இவரை எழுப்பி, குளிக்கவாத்து, உடுப்பு மாத்தி, கஞ்சி பருக்கி விடுவாள். எனக்கு முழங்கால் ஏலாது, இவரைத் தூக்கேலாது. பின்னேரம் சமைப்பாள். உடுப்புத் தோய்ப்பாள். ஆசுப்பத்திரிக்குப் போனால் கூட வருவாள், ஏனெண்டால் எனக்கு இங்கிலீஷ் காணாது. அவள் குவைத்திலை ஒரு வெள்ளைக்காரர் வீட்டிலை நிண்டவள், நல்லாக் கதைப்பாள். வேறை பெரிசா ஒண்டும் செய்யிறதில்லை.

சரி, பொயிலர்க் கதைக்கு வாறன். அதுதானே எல்லாத்துக்கும் காரணம்.

போன ஐப்பசி. குளிர் தொடங்கின நேரம். பொயிலர் ஒரு மாதிரி முனகும், பிறகு நிண்டிடும். நான் ரெண்டு தட்டுத் தட்டினால் திருப்பி வேலை செய்யும். அப்பிடியே இழுத்துக்கொண்டு போனம். ஒரு நாள் தட்டியும் வேலை செய்யேல்லை. ஜெயசீலன் எண்டு எங்கடை பெடியன் ஒருத்தர், காஸ் வேலை படிச்சவர், அவரைக் கூப்பிட்டன். அவர் பெட்டியைக் கழட்டி, ரோச் அடிச்சுப் பாத்தார். ஏதோ ஒரு மெஷினைப் பிடிச்சுப் பாத்தார். பாத்திட்டு எழும்பி என்ரை முகத்தைப் பாக்கேல்லை.

"அன்ரி, இதை இனித் தொடேலாது. நச்சுக் காத்து விடுது. இவ்வளவு நாளும் நீங்கள் தப்பினது கடவுள் செயல்."

"ஏதும் சாமான் மாத்தினால்?"

"இதுக்குச் சாமான் இப்ப ஒருத்தரும் செய்யிறதில்லை. புதுசுதான்."

பெட்டிக்கு மேலை சிவப்பாலை ஒரு ஸ்ரிக்கரை ஒட்டி, காஸையும் நிப்பாட்டிப்போட்டார். அது சட்டமாம். நிப்பாட்டாமல் போனால் தன்ரை லைசன்ஸ் போயிடுமாம். புதுசு பூட்டுறதெண்டால் மூவாயிரம் பவுண்ஸுக்கு மேலை வரும் எண்டார். தான் கூலி எடுக்காமல் செய்தாலும் சாமானே அவ்வளவு வரும் எண்டார். நல்ல பெடியன். வந்ததுக்கும் காசு வாங்கேல்லை.

மூவாயிரத்துக்கு நான் எங்கை போறது. பென்ஷன் வருது, அது வாய்க்கும் வயித்துக்கும் சரி. கையிலை இருந்தது எல்லாம் இவர் நல்லா இருக்கேக்கையே போயிட்டுது. இஞ்சத்தைக் கோயிலுக்குத் தேர் செய்யேக்கை ஒரு பகுதி குடுத்தவர். அதுக்கு எங்கடை பேர் கல்லிலை வெட்டிக் கிடக்குது, போனால் பாருங்கோ.

அந்தக் கோயிலுக்குத்தான் முதல் போனன். தலைவர் என்னைக் கண்டோடனை எழும்பி நிண்டவர். இவரைச் சுகம் விசாரிச்சார். நான் விஷயத்தைச் சொன்னன். கடனாத் தந்தாலும் காணும், மாசம் மாசம் கட்டுறன் எண்டன். அவர் என்னைக் கதிரையிலை இருத்திப்போட்டுச் சொன்னார்.

"அக்கா, கோயில் காசு கோயிலுக்குத்தான் செலவழிக்கலாம். ஒருத்தருக்குக் குடுத்தால் பிறகு எல்லாரும் வருவினம். நீங்கள் அண்ணையின்ரை பேரிலை ஒரு அர்ச்சனை செய்யுங்கோ, வழி திறக்கும்."

அவரையும் குறை சொல்லேலாது. சட்டதிட்டம் இருக்குத்தானே. வரேக்கை ஒரு பெட்டியிலை சர்க்கரைப் பொங்கல் போட்டுத் தந்துவிட்டவர். பஸ்ஸிலை அது என்ரை மடியிலை சூடா இருந்தது. வீட்டை வந்து சேரும் மட்டும் சூடா இருந்தது.

பிறகு ஒரு கொம்பனி, தவணைக்குப் பொயிலர் போடுற ஆக்கள். போன் எடுத்தம். வேலை செய்யிறீங்களோ எண்டு கேட்டினம். அறுவத்தெட்டு வயசிலை நான் என்ன வேலை செய்யிறது. வேலை இல்லாட்டித் தவணை இல்லையாம். காசு இருக்கிறவைக்குத்தான் பிள்ளை கடன் குடுப்பினம். இல்லாதவைக்கு வாயாலை வழி சொல்லுவினம்.

அப்பத்தான் தங்கச்சி கனடாவிலையிருந்து சொன்னாள், "அக்கா, உங்கை அரசாங்கம் சும்மா பூட்டித் தருதாமே. என்ரை சிநேகிதியின்ரை மாமிக்குக் குடுத்தவையாம். நீ ஏன் கேட்கேல்லை" எண்டு. எனக்கு அது தெரியாது. ஆரும் வந்து சொன்னால்தானே தெரியும். அடுத்த நாளே ஜெசிந்தாவைப் போன் எடுக்கச் சொன்னன்.

இந்த மேசையிலைதான், நீங்கள் இருக்கிற கதிரையிலைதான் அவள் இருந்தவள். போனை ஸ்பீக்கரிலை போட்டிட்டு இருந்தம். பாட்டுப் போடுவினம் தெரியுமே, அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இடைக்கிடை ஒருத்தி வந்து, உங்கடை அழைப்பு எங்களுக்கு முக்கியம் எண்டு சொல்லுவாளாம். ஜெசிந்தா ஒவ்வொரு தரமும் அதை எனக்குத் தமிழிலை சொல்லுவாள், "நாங்கள் முக்கியமாம் அக்கா" எண்டு. சிரிப்பாள். குசினியிலை அப்ப நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தம். கதைச்சால் வாயாலை புகை வரும்.

கடைசியிலை ஒரு பொம்பிளை வந்தா. நல்ல மரியாதையாக் கதைச்சா. வீடு சொந்தமோ. சொந்தம். பெனிபிற் ஏதும் எடுக்கிறீங்களோ. இவருக்கு ஏலாமைக் காசு கொஞ்சம் வருது. நல்லது எண்டா. எல்லாத்துக்கும் நல்லது, நல்லது எண்டா. எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. பிறகு ஏதோ கேட்டா. ஜெசிந்தா போனைக் கையாலை பொத்திக்கொண்டு என்னைப் பாத்தாள்.

"அக்கா, வீட்டிலை எத்தினை பேர் எண்டு கேட்கினம். பெரிய ஆக்கள்."

நான் சொன்னன், "மூண்டு எண்டு சொல்லு."

அவள் கையைப் போனிலையிருந்து எடுக்கேல்லை.

"சொல்லன். நாங்கள் ரெண்டு பேர், நீ ஒண்டு. உள்ளதைச் சொல்லு. பொய் சொல்லி வாங்கினால் நிலைக்காது."

நான் அப்பிடித்தான் பிள்ளை. என்ரை அப்பா எங்களை அப்பிடித்தான் வளத்தவர். பொய் ஒண்டு என்ரை வாயாலை வராது. அவளுக்கும் அது தெரியும். மூண்டு எண்டு சொன்னாள். அந்தப் பொம்பிளை மூண்டாவது ஆளின்ரை பேரைக் கேட்டா போலை. ஜெசிந்தா எழுத்தெழுத்தாச் சொன்னாள். முழுப் பேர், பிறந்த திகதி. குரல் கொஞ்சம் அடைச்சுது. தடிமன் பிடிச்சிருந்தது அவளுக்கு.

போனை வைச்ச பிறகு தேத்தண்ணி போட எழும்பினவள், கேத்திலைப் போடாமல் அப்பிடியே நிண்டாள். என்னடி எண்டன். ஒண்டுமில்லை அக்கா எண்டாள்.

கொஞ்ச நாளாலை அவை போன் எடுத்தினம். எங்கடை ரெண்டு பேரின்ரை விஷயமும் சரியாம். அந்த மூண்டாவது ஆளுக்கு என்ன வருமானம், விசா என்ன, கடுதாசி வேணுமாம். வீட்டிலை இருக்கிற எல்லாற்றை வருமானத்தையும் கூட்டித்தான் முடிவு சொல்லுவினமாம். அவளிட்டைக் கடுதாசி எங்கை இருக்கு. கடைக்காரன் கையிலை காசு குடுக்கிறான். அப்பிடியே நிண்டு போச்சு. நான் ஒவ்வொரு கிழமையும் போன் எடுக்கச் சொல்லுவன். அவளும் எடுப்பாள். ஒவ்வொரு தரமும் ஒரு புது ஆள் வருவினம், தொடக்கத்திலையிருந்து சொல்ல வேணும். அவளின்ரை பேரை அவள் எத்தினை தரம் அந்தப் போனிலை எழுத்தெழுத்தாச் சொல்லியிருப்பாள் எண்டு எனக்குத் தெரியாது.

அந்த மார்கழி மாதிரி ஒரு மார்கழியை நான் காணேல்லை. சுவரெல்லாம் வேர்த்துக் கறுப்புப் பிடிச்சுது. கரண்டிலை வேலை செய்யிற ஹீட்டர் ஒண்டு இருந்தது. அது மேலை ஜெசிந்தாவின்ரை அறையிலை இருந்தது, தானாக் கொண்டுவந்து இவரின்ரை காலடியிலை வைச்சாள். உனக்குக் குளிராதோ எண்டு கேட்டன். தனக்குச் சூட்டு உடம்பாம், குளிர் தெரியாதாம். சிலருக்கு அப்பிடித்தான். கடற்கரை ஆக்களெல்லோ. எனக்கு ரெண்டு சோக்ஸ் போட்டாலும் காணாது. கரண்ட் மீற்றருக்கு ஒரு கார்ட், அதுக்குக் கடையிலை காசு போட்டுப் போட்டு எனக்குக் கட்டேல்லை. சிலவேளை காசு முடியும் எண்டு நான் பயந்துகொண்டிருப்பன், போய்ப் பாத்தால் மீற்றரிலை காசு இருக்கும். எப்பிடி இருந்ததோ தெரியாது. ஜெசிந்தா கடைப் பக்கம் போயிட்டு வந்த நாளிலை அப்பிடி இருக்கும்.

இவரைக் குளிக்கவாக்கிறதை நிப்பாட்டினம். கேத்திலிலை சுடவைச்சு, துவாயை நனைச்சு, கொஞ்சம் கொஞ்சமாத் துடைச்சு விடுவாள். ஒரு கையைத் துடைக்கேக்கை மற்றக் கையைப் போர்வைக்குள்ளை வைச்சிருப்பாள். காலைத் தன்ரை மடியிலை வைச்சுத் தேய்ப்பாள், தேய்ச்சுக்கொண்டே ஊர்க்கதை சொல்லுவாள். மீன் பிடிக்கிற கதை, திருநாள்க் கதை. இவர் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அந்த நேரம் போர்வைக்குள்ளை போயிடுவன். எனக்கு முழங்கால்.

எண்டாலும் சளி நெஞ்சிலை இறங்கிப் போச்சு. ஒரு நாள் காலமை இவரின்ரை உதடு நீலம் பாரிச்சுப்போய்க் கிடந்தது. ஜெசிந்தாதான் கண்டவள். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. நிமோனியாவாம்.

ஆசுப்பத்திரி சூடு பிள்ளை. என்ன சூடு தெரியுமோ. நான் கோட்டைக் கழட்டிப்போட்டு இவரின்ரை கட்டிலடியிலை இருந்து நித்திரை கொண்டுபோனன், வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். இவரும் ஒரு கிழமையிலை தெளிஞ்சிட்டார். ஆனால் விடமாட்டினமாம். வீட்டிலை ஹீற்றிங் இல்லாமல் இவரை அனுப்பினால் திரும்பவும் இதுதான் வரும், அடுத்த முறை தப்பமாட்டார் எண்டு டொக்டர் சொன்னவராம். பொயிலர் இல்லையெண்டால் இவரை எங்கையோ ஏலாத ஆக்களைப் பாக்கிற ஒரு ஹோமிலைதான் விடவேணும் எண்டு சொல்லிச்சினம். ஹோம். வாய் பேச ஏலாத மனுசன், தெரியாத ஆக்களுக்குள்ளை. அண்டைக்கு நான் அழுத அழுகை.

அதுக்கெண்டு ஒரு பொம்பிளை வந்தா, ஆக்களை வீட்டை அனுப்புற விஷயம் பாக்கிறவ. தான் அந்தப் பொயிலர் குடுக்கிற அரசாங்கக் கந்தோரோடை கதைச்சனான் எண்டா. கட்டிலுக்கு அங்காலைப் பக்கம் அவ, இஞ்சாலை நானும் ஜெசிந்தாவும். அவ கனநேரம் கதைச்சா. கையை இப்பிடி விரிச்சு, அப்பிடி விரிச்சு, ஏதோ ரெண்டு வழி இருக்கிற மாதிரிச் சொன்னா. ஜெசிந்தா குறுக்கை ஒண்டு கேட்டாள். அவ ஓமோம் எண்டு தலையாட்டினா. நான் இவளின்ரை சட்டையைப் பிடிச்சு இழுத்து, "என்னடி சொல்லுறா" எண்டன்.

"சரிவரும் அக்கா. கெதியிலை பூட்டுவினமாம்."

அவ்வளவுதான். அந்தப் பொம்பிளை அவ்வளவு நேரம் கதைச்சதுக்கு இவள் எனக்குச் சொன்னது ரெண்டு சொல்லு. எனக்குக் கோவம் வந்தது. எங்கடை விஷயம், எனக்கு முழுக்கச் சொல்லவேணுமோ இல்லையோ, நீங்களே சொல்லுங்கோ.

அண்டைக்குப் பின்னேரம் தங்கச்சி போன் எடுத்தாள். நான் இஞ்சை குசினியிலை நிண்டு மனப்பாரத்தை எல்லாம் கொட்டினன். ஆருக்குச் சொல்லுறது, கூடப்பிறந்தவளுக்குத்தானே சொல்லலாம். "என்னடி செய்யிறது, இவள் ஒருத்தி இந்த வீட்டிலை இல்லாட்டி இது எப்பவோ முடிஞ்சிருக்கும்" எண்டன். உள்ளதைத்தானே சொன்னன். போ எண்டு சொன்னனானே. சொல்லேல்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்லி என்ரை வாயாலை நான் ஒரு நாளும் சொல்லேல்லை. திரும்பிப் பாத்தால் ஜெசிந்தா தேத்தண்ணிக் கோப்பையோடை வாசலிலை நிக்கிறாள். "அக்கா, சீனி போட்டிட்டன்" எண்டு வைச்சிட்டுப் போனாள். அவள் கேட்டிருக்கமாட்டாள். அவளுக்கு அப்பவும் தடிமன், காது அடைப்பு.

அடுத்த நாள் நான் ஆசுப்பத்திரியாலை வரேக்கை ஆள் இல்லை. வேலைக்குப் போயிருப்பாள் எண்டு இருந்தன். இருட்டியும் வரேல்லை. மேலை போய்ப் பாத்தன். கட்டில் விரிப்புத் தோய்ச்சு மடிச்சுக் கிடக்குது. நிலம் கூட்டிக் கிடக்குது. சுவரிலை கறுப்புப் பிடிச்சிருந்ததெல்லோ, அதையும் தேய்ச்சுத் துடைச்சுப் போட்டாள். மேசையிலை திறப்பும் அந்த மாச வாடகையும். மாதா படம் கூட இல்லை. ஒரு மனுசி இருந்த அடையாளமே இல்லை. போனடிச்சால் நம்பர் வேலை செய்யேல்லை.

குளிர் தாங்கேலாமல் ஓடிட்டாள் எண்டுதான் நினைச்சன். இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன். வேறை என்ன. எங்கடை கஷ்டகாலத்திலை, அவர் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை, நான் தனிய நிக்கேக்கை, சூடான இடம் ஏதும் கிடைச்சிருக்கும், போயிட்டாள். தங்கச்சி சொன்னாள், "நான் முதலே சொன்னனான் அக்கா" எண்டு.

ரெண்டு நாளாலை கந்தோராலை போன் வந்தது. எனக்கு விளங்கேல்லை, ஜெயசீலனைக் கூப்பிட்டு அவரைக் கதைக்கச் சொன்னன். அவர் கேட்டிட்டுச் சொன்னார், "அன்ரி, உங்கடை வீட்டிலை இருந்த மூண்டாவது ஆள் இப்ப இல்லையெண்டு அவைக்கு அறிவிச்சிருக்காம். அப்ப ரெண்டு பேர்தான். வீட்டைப் பாக்க வருகினம்." ஆர் அறிவிச்சதெண்டு எனக்குத் தெரியாது. நான் அறிவிக்கேல்லை. அவையே ஏதும் கம்பியூட்டரிலை கண்டுபிடிச்சிருப்பினம். இந்த நாட்டிலை எல்லாம் கம்பியூட்டரிலை தெரியும்தானே. ஜெயசீலன் ஒரு மாதிரி என்னைப் பாத்தார். ஏன் பாத்தாரோ.

ஒரு வெள்ளைக்காரன் வந்து வீடு முழுக்கப் படம் எடுத்தான். மேலறைக்குள்ளை நிண்டு, இஞ்சை ஆர் படுக்கிறது எண்டு சைகையாலை கேட்டான். ஒருத்தருமில்லை எண்டு தலையாட்டினன். உண்மைதானே. பொய்யொண்டு நான் சொல்லேல்லை. பிறகு ரெண்டு பேர் வந்து ஒரு நாளிலை பழசைக் கழட்டிப் புதுசைப் பூட்டிப்போட்டுப் போயிட்டினம். ஒரு பவுண் செலவில்லை. நான் விளக்குக் கொளுத்திக் கும்பிட்டன்.

இவர் வீட்டை வந்தார். சூட்டுக்குள்ளை இருத்தினன். முகத்தைப் பாத்தன், சந்தோசப்படுவார் எண்டு. அவர் படியைப் பாத்துக்கொண்டு இருந்தார். ஜெசிந்தா வேலையாலை வந்து கோட்டைக் கழட்டிப்போட்டு மேலையிருந்து இறங்கி வாற நேரம் ஒண்டு இருந்தது. அந்த நேரம் வந்தால் படியைப் பாப்பார். இப்பவும் பாருங்கோ, எங்கை பாக்கிறார் எண்டு. நான் சொன்னன், அவள் போயிட்டாள், நன்றி கெட்டவள் எண்டு. கையிலை இருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி விழுத்திப்போட்டார். நாப்பத்தைஞ்சு வருஷக் கலியாணத்திலை இந்த மனுசன் என்னிலை ஒரு நாளும் கோவிச்சதில்லை பிள்ளை. வருத்தத்தாலை புத்தி கொஞ்சம் மாறிப் போச்சுப் போலை.

இப்ப கவுன்சிலாலை ஒருத்தி வந்து இவரைக் கழுவித் துடைச்சு விடுறாள். நல்லாச் செய்யிறாள். மணியைப் பாத்துச் செய்யிறாள். கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவாள்.

எப்ப வந்து இருக்கலாம் எண்டு கேட்கிறீங்கள். பொறுங்கோ, அதுக்கு முதல் இதையும் சொல்லவேணும். போன கிழமை நான் அவளைக் கண்டனான்.

ஹை றோட்டிலை, மீன்கடைக்கு முன்னாலை. பஸ்ஸுக்கு நிண்டவள். அதே மண்ணிறக் கோட்டு. மெலிஞ்சு போனாள். எனக்கு ஏசவேணும் போலை வந்தது, எவ்வளவு நாளா மனசுக்குள்ளை வைச்சிருந்தன். கிட்டப் போனன். அவள் என்னைக் கண்டிட்டு ஓடேல்லை. நிண்டாள். நான் வாயைத் திறக்க முதல் அவள் கேட்டது,

"அக்கா, அண்ணைக்குக் கால் சூடா இருக்கோ?"

இருக்கு எண்டன். எனக்கு வந்த ஏச்சு எல்லாம் எங்கை போனதோ. "பொயிலர் பூட்டியாச்சு. இனி என்ன, திரும்பி வாவன். அறை சும்மாதான் கிடக்குது" எண்டன். உண்மையாத்தான் கூப்பிட்டன். என்ரை மனசு அப்பிடி.

அவள் தலையாட்டினாள், இல்லையெண்டு. "வருஷா வருஷம் பொயிலர் பாக்க வருவினம் அக்கா. பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல்."

"அது ஒரு நாள்தானே. அண்டைக்கு நீ சேர்ச்சுக்குப் போ" எண்டன்.

சிரிச்சாள். வரேல்லை எண்டாள். எவ்வளவு கெறுக்கு எண்டு பாருங்கோ. விசா இல்லை, வீடு இல்லை, ஒரு பெரிய மனுசி வாய்விட்டுக் கூப்பிடுறன், வரமாட்டாளாம். எங்கையடி இருக்கிறாய் எண்டு கேட்டன். ஒரு கடைக்கு மேலை, அஞ்சாறு பேரோடை எண்டாள். எந்தக் கடை எண்டு சொல்லேல்லை. பஸ் வந்திட்டுது. ஏறப் போனவளை நான் கையைப் பிடிச்சு மறிச்சன்.

கை குளிர் பிள்ளை. சும்மா குளிர் இல்லை. பங்குனி பிறந்திட்டுது, வெயில் எறிக்குது, நான் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நிக்கிறன், அவளின்ரை கை ஐஸ். அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு நான் கேட்டன், உங்கை ஹீற்றிங் இல்லையோ எண்டு.

"இருக்கக்கா. நல்ல சூடு" எண்டாள். கையை மெல்லமா எடுத்துக்கொண்டு ஏறிப் போயிட்டாள்.

அறை உங்களுக்குத்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. இதுக்கு முதல் வந்த ரெண்டு பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொன்னன். போன் நம்பரைத் தந்திட்டுப் போங்கோ, இவரோடை கதைச்சிட்டுச் சொல்லுறன். ஆனால் ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. நல்ல சூடான வீட்டைத் தேடித்தானே அவள் போனவள். அப்ப அந்தக் கை ஏன் அப்பிடி இருந்தது. நீங்கள் படிக்கிற பிள்ளை, உங்களுக்கு ஏதும் விளங்கினால் சொல்லுங்கோ.